ஒரு கேமராவுக்குத்தான் இடம்

அவன் கை ரஷ்யக் கேமராவின் மேல் போய் நின்றது.

அவளுக்கு வயிறு எரிந்தது.

கட்டில் மேல் ஒன்பது கேமராக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவள்தான். திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வேலை பார்க்கும் சென்னைக்குப் போகிறார்கள். அங்கே இரண்டே அறை. மற்ற எட்டையும் எடுத்துப்போக அவனுடைய சிநேகிதர் சிராஜுதீன் அட்டைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

அவன் பென்டாக்ஸைத்தான் எடுப்பான் என்று நம்பியிருந்தாள்.

பென்டாக்ஸ், அவள் கழுத்தில் தாலி ஏறிய வருடம் வாங்கியது. மசக்கையில் வெளிறிப்போன அவள். ஊட்டியில் குல்லா போட்ட அவள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காஸ் அடுப்பைத் திட்டும் அவள். எல்லாம் அதில் எடுத்ததுதான். பீரோவில் ஒரு தட்டு முழுக்க ஆல்பங்கள்.

ரஷ்யக் கேமரா அதற்கு முந்தையது. ரோஸ்லின் காலத்தது.

ரோஸ்லினைப் பற்றி அவனே சொல்லிவிட்டான், கல்யாணமான புதிதில். காலேஜில் கூடப் படித்தவள். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியாக ஒரு நாள் கல்லணைக்குப் போனோம், அவளை நிறைய படம் எடுத்தேன், அதோடு சரி என்றான். நல்ல மனிதன். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களால்தான் பெண்டாட்டிகளுக்கு நிம்மதி போகிறது.

ஊரில் மற்றவர்கள் மாமியாரோடு மல்லுக்கட்டினார்கள். அவள் ஒரு கேமராவோடு. மனசுக்குள் அதற்கு ரஷ்யாக்காரி என்று பெயர். ஒரு ஐப்பசி மழையில் அதைப் பரணில் ஒழுகும் மூலையாகப் பார்த்து வைத்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த அவளுடைய பட்டுப்புடவை நனைந்ததுதான் மிச்சம்.

கல்லணைப் படங்களை அவள் தேடாத இடமில்லை. ஆல்பங்களுக்குப் பின்னால் தேடினாள். அவனுடைய பழைய சூட்கேஸில் தேடினாள். ஒவ்வொரு நெகட்டிவையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவளேதான் வெள்ளை முடியோடு நின்றாள்.

ஒரு தடவை பார்த்தால் போதும். மூக்கு சப்பை என்று தெரிந்தால் போதும். கிழித்தெல்லாம் போட மாட்டாள்.

சரி, கிழித்திருப்பாள்.

"எதுக்குய்யா இதை வெச்சுக்கிறே? பென்டாக்ஸ்தானே நல்ல பீஸு," என்றார் சிராஜுதீன்.

அவன் பென்டாக்ஸைக் கண்ணில் வைத்து ஒரு முறை அமுக்கினான்.

"இதுல அமுக்குற நொடியில உள்ள இருக்கிற கண்ணாடி மேல எழும்பிரும். கண்ணுக்கு இருட்டு. படம் விழுற நொடியை மட்டும் நாம பாக்க முடியாது. ரஷ்யக் கேமராவுல பாக்குற ஜன்னல் தனி, லென்ஸ் வழியா இல்ல. கடைசி வரைக்கும் ஆளு தெரியும்."

அவள் பீரோவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால், இத்தனை வருடமும் அவள் அவனைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு நொடியும் அவனுக்கு இருட்டு.

ரோஸ்லினுக்கு மட்டும் இருட்டவில்லை.

சிராஜுதீன் சிரித்தார். "அதுலதான்யா வினையே. லென்ஸ் மூடியைக் கழட்ட மறந்தாலும் ஜன்னல்ல ஆளு தெரியும். நாமளும் எடுத்துக்கிட்டே இருப்போம். எங்க மாமா வீட்டு நிக்காஹ்வையே நான் அப்படிக் கோட்டை விட்டேன்."

"நானும் ஒரு ரோல் விட்டிருக்கேன்."

"எங்க?"

"கல்லணையில."

அவன் சிரிக்கவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

படமே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். கொஞ்சம் சந்தோஷப்பட்டும் பார்த்தாள். நிலைக்கவில்லை.

படம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்நேரம் மஞ்சளாகியிருக்கும். பூச்சி அரித்திருக்கும். என்றைக்காவது அவள் கையில் சிக்கியிருக்கும். இப்போது அந்த ரோல் முழுவதும் அவன் கண்ணுக்குள் இருக்கிறது. அங்கே எப்படிப் போய்த் தேடுவது?

அங்கே ரோஸ்லினுக்கு வயதுகூட ஆகாது.

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். சிராஜுதீன் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பென்டாக்ஸும் போனது. வாசல் வரை போய், வீட்டில் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று வழியனுப்பிவிட்டு வந்தாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து ரஷ்யக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் மூடி மெத்தை மேல் கிடந்தது.

அவள் மூடியை எடுத்தாள். லென்ஸில் வைத்து அழுத்தினாள். ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"என்னை எடுங்க."

"பிலிம் இல்லையே. மூடி வேற போட்டுட்டே."

"தெரியும். எடுங்க."

அவன் பிலிம் சுற்றும் குமிழைத் திருகிக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

ஆல்பத்துக்கென்று அவள் வைத்திருந்த சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அதோடேயே அவனைப் பார்த்தாள்.

பொத்தான் விழுந்த சத்தம் கேட்டது.

அவன் கேமராவை இறக்கினான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவளை ஒரு ரோல் முழுக்க எடுத்தீங்கல்ல," என்றாள்.

அவன் மறுபடியும் குமிழைத் திருகினான்.