ஆடாத கோடு

"மாப்பிள்ளையும் பொண்ணும் எங்கம்மா?" பெரிய மேளத்தைத் தோளில் மாட்டியபடி கேட்டார் பெக்தாஷ்.

"கல்யாணமெல்லாம் இல்லண்ணே. பத்து மணிக்கு நீங்க வாசிங்க, இவங்க தரை அதிர ஹலாய் ஆடுவாங்க. அது போதும்," என்றாள் பெரிஹான்.

அங்காரா பல்கலைக்கழகம் ஒன்றின் அந்தக் கூடத்தில் இருபது மாணவர்கள் சுண்டுவிரல் கோத்து நின்றார்கள்.

"தய்லான், போன தடவை மாதிரி பாதியில டீ குடிக்க ஓடிடாதே!"

"போங்கக்கா! இன்னிக்குத் தளமே பேந்து உங்க தலையில விழுதா இல்லையா பாருங்க!"

கூடத்துக்கு நேர் கீழே நிலவறை. அங்கே உறைகுளிர்க் கலத்துக்குள் பெரிஹான் வடிவமைத்த குவாண்டம் சிப் இருந்தது. இதற்கு முன் செய்த மூன்றும், மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தாலே கணக்கை மறந்துபோயின. நாலாவதும் அதிர்வைத் தாங்காவிட்டால் ஆய்வையே மூடிவிடுவதாகத் துறைத் தலைவர் ஜெவ்தெத் சொல்லிவிட்டார்.

அவரும் பெரிஹானும் நிலவறையிலேயே, கலத்தை ஒட்டிய தடித்த செம்புச் சுவர் அறைக்குள் உட்கார்ந்தார்கள். வெளிச் சத்தம் ஒரு பொட்டு கேட்காது. அளவெடுத்து முடியும்வரை கதவையும் திறக்கக் கூடாது.

பத்து மணி. அதிர்வில் சிப் தடுமாறினால் ஆடும் கோடு, திரையில் நேராக ஓடியது. பத்து மணி பத்து நிமிடம். அப்போதும் நேர்கோடுதான்.

மேசைமேல் தேநீர் கிளாஸில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன. படபடப்பில் தன் கால்தான் மேசையைத் தட்டுகிறது என்று பெரிஹான் காலை இழுத்துக்கொண்டாள்.

"உன் ஆளுங்க வந்தாங்களா, இல்லையா?" என்றார் ஜெவ்தெத்.

"வந்தாங்க சார். நான் பார்த்தேனே!"

"அப்ப கோடு ஏன் இப்படிக் கிடக்கு? குவாண்டம் சிப் இவ்வளவு சமர்த்தா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல."

பத்தரை. அவர் பேனாவை மூடினார். "சோதனையே நடக்கலன்னுதான் எழுதணும். மன்னிச்சுக்கோ."

பெரிஹான் படிகளில் தாவி ஏறினாள். கூடத்தில் ஒரு சத்தமில்லை. மாணவர்கள் மூலைக்கொருவராக மல்லாந்து கிடந்தார்கள். பெக்தாஷ் மேளத்தின் மேல் தலை சாய்த்திருந்தார்.

கண்ணில் நீர் முட்டியது அவளுக்கு. "டேய் தய்லான்! என் மூணு வருஷ உழைப்புடா! படுத்துத் தூங்கவா உங்களைக் கூப்பிட்டேன்?"

தய்லான் எழ முயன்று, முடியாமல் மறுபடி சரிந்தான். மூச்சு வாங்கியது.

"இப்பதான்க்கா ஆட்டத்தை நிறுத்தினோம்!"