குப்பிக்குள் அண்ணனின் பார்வை

விழித்திரை கழன்றதால் அண்ணனுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. பார்வை திரும்பவில்லை. விழித்திரை ஏன் கழல்கிறது என்ற ஆராய்ச்சிக்காக, கண்ணுக்குள்ளிருந்து எடுத்த நீரைத் தங்கை வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். அவள் அதைக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

மாலையில் கால் கடுக்க வீடு திரும்பியவளிடம் அண்ணன் சொன்னான்.

"அந்தக் கண்ணுல ஒரே இருட்டும்மா. அங்க யாராவது பெட்டியத் திறந்தா மட்டும் வெளிச்சம் வருது. ஏன் மத்தியானம் சாப்பிடாம தலையக் கவுத்துட்டு உக்காந்திருந்த?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

சோதனைக்காகத் தினமும் கொஞ்சம் நீர் எடுத்தார்கள்.

"இன்னைக்கு உன் முகம் இன்னும் மங்கிடுச்சு," என்பான் அண்ணன்.

வாரக் கடைசியில், "மிச்சத்தையும் இன்னைக்கே முடிச்சிடுங்க," என்றார் ஆய்வகத் தலைவர்.

அவள் குப்பியை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். மழை விட்டிருந்தது. தெரு முழுக்க வெயில். நெடுநேரம் குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டு, கடைசிச் சொட்டையும் சோதனைக் கருவிக்குள் விட்டாள்.

வீட்டில் அண்ணன் காத்திருந்தான்.

"அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிச்சிருந்தியே," என்றான். "கை வலிக்கலையா?"