வலிக்காத கை

“வலிக்குதா?”

“துளிகூட இல்ல டாக்டர்.”

ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெல்டர் சிரித்தபடியே சொன்னான். வலது கையில் முழங்கையிலிருந்து தோள்வரை தீக்காயம். புண்ணோடு ஒட்டிப்போன பழைய துணியை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள் சிஸ்டர்.

டாக்டருக்கு இதுதான் புரியவில்லை. அவர் கண்டுபிடித்த புதுக் களிம்பு புண்ணைச் சீக்கிரம் ஆற்றுமா, வலியைக் குறைக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. ஆற்றுவது கண்ணுக்கே தெரிந்தது. வலி விஷயம்தான் பிடிபடாமல் தண்ணி காட்டியது. வேறு யாராவது கட்டுப் பிரித்தால் இதே வெல்டர் கூரை பிய்ந்துபோகும்படி கத்துகிறான். இவள் பிரித்தால் ஜோக் அடிக்கிறான். அவன் மட்டுமா? வார்டு மொத்தமும் அப்படித்தான். அதே களிம்பு, அதே துணி, அதே புண்.

சூட்சுமம் களிம்பில் இல்லை, இவள் கையில்தான் இருக்கிறது என்று டாக்டர் கடைசியில் முடிவுக்கு வந்திருந்தார்.

“பத்துக்கு எவ்வளவு வலின்னு சொல்லுவ?”

“சைபர் போட்டுக்குங்க டாக்டர்.”

“நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுதே?”

“இந்த ஃபேன் சுத்துறதுக்குச் சம்பளம் கேக்குது. அதான்.”

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்க்க டாக்டருக்கு நிம்மதியாக இருந்தது. போன மாதம் இதே சிஸ்டர் அவர் அறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

“முடியல டாக்டர். வீட்ல குக்கர் விசில் அடிச்சாக்கூட யாரோ அலறுற மாதிரி இருக்கு. அவங்கள நானே சித்திரவதை பண்ற மாதிரி இருக்கு. என்னை விட்டுடுங்க, நான் போயிடறேன்.”

கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருந்தார். பிறகு அவளே ஒரு நாள் வந்து, “இப்பல்லாம் யாரும் கத்துறதில்ல டாக்டர். கை பழகிடுச்சு போல. இருந்துடறேன்” என்றாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

சிஸ்டர் புதுக் கட்டைச் சுற்றி முடித்தாள்.

“சிஸ்டர், நாளையிலேருந்து நீங்க டிரெஸ்ஸிங் பண்றவங்களுக்கு வலி ஊசி வேண்டாம். வலியே இல்லாதவங்களுக்கு எதுக்கு அவ்வளவு மருந்து? அதனாலதான் வாந்தி, மயக்கம் எல்லாம்.”

“நிஜமாவா டாக்டர்? என் கையை நம்பியா?” அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“மத்த சிஸ்டர்ஸுக்கும் நீங்கதான் சொல்லித் தரப் போறீங்க.”

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு துள்ளாத குறையாகப் போனாள். டாக்டரோ மனசுக்குள் மாநாட்டு மேடையேறி, கைதட்டலுக்கு நடுவில் நின்றிருந்தார்.

“டாக்டர், கொஞ்சம் கிட்ட வாங்களேன்.”

வெல்டர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கட்டில் பேக்கரிக்காரர் எழுந்து போய், வாசலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “போயிட்டாங்க, சொல்லுப்பா” என்றார்.

“என்னய்யா, என்ன ஆச்சு?”

வெல்டர் கட்டுப்போட்ட கையையும் சேர்த்து உயர்த்திக் கும்பிட்டான்.

“ஊசியை மட்டும் நிறுத்திடாதீங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைப் போட்டே உசுரு போயி உசுரு வருது. அன்னிக்கு உங்க ரூம்ல அந்தக்கா அழுதது, வெளிய ஸ்ட்ரெச்சர்ல கெடந்த இவர் காதுல விழுந்துடுச்சு. மத்தவங்கல்லாம் எங்க புண்ணைப் பாத்துத்தான் பேசுறாங்க டாக்டர், அவங்க ஒருத்தர்தான் எங்க மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க. அவங்க வேலையை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு, அவங்க கை பட்டா யாரும் கத்தறதில்லைன்னு வார்டே பேசி வெச்சிருக்கோம்.”