பட்டியிலிருந்து வந்த பதில்

முப்பது வருடமாக மேடையேறி வரும் 'இடிமுழக்கம்' கலியமூர்த்திக்கு இந்தத் தேர்தலிலாவது சீட்டு கிடைத்தாக வேண்டும். பேச்சைக் கேட்டு முடிவு செய்ய மாவட்டச் செயலாளரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தி மைக்கைப் பிடித்து, "பொங்கி எழுடா தமிழா!" என்று முழங்கினார். மேடைக்குப் பின்னால் வான்கோழி வளர்க்கும் ஸ்டெல்லாவின் பட்டியில் இருந்த ஏழு வான்கோழிச் சேவல்களும் கழுத்தை நீட்டி, ஒரே மூச்சில் களகளவென்று பதில் கொடுத்தன. சனம் சிரித்தது. அவர் நிறுத்தினார், அவையும் நிறுத்தின. மறுபடி முழங்கினார், மறுபடி பதில் வந்தது.

"அதுங்கள அடக்கும்மா!" என்று மேடையோரம் குனிந்து, பட்டி வாசலில் நின்ற ஸ்டெல்லாவிடம் சீறினார்.

"எப்படிங்கய்யா அடக்குறது? பெருஞ்சத்தம் கேட்டா பதில் குடுக்குறது அதுங்க பொறப்பு. வெடி போட்டாலும் இப்படித்தான். நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசிப் பாருங்களேன்" என்றாள் ஸ்டெல்லா.

அவருக்கு அது பழக்கமில்லை. ஆனாலும் குரலைத் தணித்து அதே வாக்கியத்தைச் சொன்னார். பட்டி அடங்கியது. கூட்டமும் அடங்கிக் காது கொடுத்தது. மாவட்டச் செயலாளர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "ம், எழுந்தாச்சு. அப்புறம்?" என்றார்.

கலியமூர்த்தி யோசித்தார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் யோசித்தார். இத்தனை வருடமும் அந்த வாக்கியத்துக்கு அப்புறம் கைத்தட்டல்தான் வந்திருக்கிறது.

திரும்பிப் பட்டியைப் பார்த்தார். ஏழும் கழுத்துச் சதை சிவக்கக் காத்திருந்தன. அவர் நெஞ்சு நிறைய மூச்சை நிரப்பிக்கொண்டு மைக்கை வாய்க்கு இழுத்தார்.