முப்பத்தேழு சீட்டுகள்

கிறிஸ்டோபர் முதல் சீட்டைப் பிரித்து, "பிரேம்நாத்" என்று வாசித்தான்.

முதல் வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அது ரேவதியின் கையெழுத்து.

யார் எழுதியது என்று சீட்டில் இருக்காது, ரகசிய வாக்கெடுப்பு. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் இதே ஹாலில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளிடம் என்ன ரகசியம்? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கையைப் பிடித்து 'அ' போடப் பழக்கியது நான்தான்.

டிக் அடிக்கக் கூடாது, பெயரைத் தமிழில் கையால் எழுத வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். தமிழ்ப் பள்ளிக் கமிட்டிக்குத் தமிழில் ஓட்டுப் போடட்டுமே என்று சொல்லி வைத்தேன். உண்மை அது மட்டுமில்லை. யார் என் பக்கம், யார் இல்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கமிட்டியில் காலியாக இருந்தது ஒரே இடம். பிரேம்நாத் வந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டு ஹாலைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வாடகைக்கு விடுவான். அதை அவன் ஒளித்ததுகூட இல்லை. அதற்காகத்தான் அறுபத்தாறு வயதில் நான் நின்றேன்.

"பிரேம்நாத்."

பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதுகிறவள் பெர்சிஸ். மூன்றாம் வகுப்பிலேயே அப்படித்தான். இந்த அழுத்தம் அவளுடையது.

இரண்டு வாரமாக எனக்குச் சந்தேகம்தான். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். வெளியே போனால் மறுபடி கிசுகிசு. போன வெள்ளிக்கிழமை பக்கத்துப் பேட்டை போட்டாதாங்கில் பிரேம்நாத் விருந்து வைத்தான், எல்லோரும் போனார்கள். சோறு கண்ட இடம் சொர்க்கம்.

அடுத்த சீட்டைக் கிறிஸ்டோபர் பிரித்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். மணிமணியான எழுத்து. என் மாணவர்களில் அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான், அவன் கையிலேயே அந்தச் சீட்டு இருந்தது.

"பிரேம்நாத்."

நீயுமா?

ஆறாவது சீட்டில்தான் நீலாம்பாள் என்று என் பெயர் வந்தது. கோணல்மாணலான எழுத்து, பழனியப்பனுடையது. பிள்ளைகளை அதட்டுகிறேன் என்று என்மேல் மூன்று முறை புகார் எழுதியவன், அதனால் அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம். எனக்கு எதற்கு ஓட்டுப் போடுகிறான்? நிமிர்ந்து பார்த்தேன். அவன் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அப்புறமும் அப்படியேதான் போயிற்று. என்னிடம் பிரியமாகப் படித்தவர்கள் எல்லாம் பிரேம்நாத். என்னைக் கண்டால் ஆகாதவர்களும், என்னை அதிகம் தெரியாதவர்களும் நீலாம்பாள்.

முப்பத்தேழு சீட்டு. அவனுக்கு இருபத்து மூன்று, எனக்குப் பதினான்கு.

யாரும் கைதட்டவில்லை. ஜெயித்த பிரேம்நாத்கூடத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். குற்றமுள்ள நெஞ்சு.

நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் ரேவதி சாப்பாட்டோடு வழிமறித்தாள். வழக்கம்போல இரண்டு பொட்டலம். மழை தொடங்கியதிலிருந்து எல்லா ஞாயிறும் இவள் இரண்டுதான் கட்டுவாள். என் மகன் மலேசியாவில் இருக்கிறான் என்பது எங்கள் பசுந்தாங் பேட்டை முழுக்கத் தெரியும். தனியாளுக்கு எதற்கடி இரண்டு என்று கேட்டால், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். இத்தனை நாள் அதைப் பாசம் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

"வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம்" என்றேன்.

அவள் பொட்டலங்களை நீட்டியபடியே நின்றாள். கிறிஸ்டோபர் பின்னாலேயே வந்தான். இங்கே பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை, பர்மிய வழக்கப்படி சயாமாதான்.

"சயாமா, போர்டுல ஒட்டியிருக்கிற பர்மா நோட்டீஸைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. இரண்டு வாரமாக வேட்பாளர் பட்டியலுக்குக் கீழே தொங்குகிறது. மேலே இருந்த தமிழ்ப் பட்டியலில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன். பர்மிய நோட்டீஸ் என்றால் கொசு மருந்து அடிக்கிற விஷயமாக இருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் விஷயம். அதைப் படிக்கவா நான் தமிழ் டீச்சர் ஆனேன்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் முதல் புதிய கமிட்டி உறுப்பினர் தன் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை வார்டு ஆபீஸில் கொடுக்க வேண்டும். வார்டு ஆட்கள் வீட்டுக்கே வந்து, உள்ளே எத்தனை பேர் என்று தலையை எண்ணிச் சரிபார்ப்பார்கள்.

தலையை எண்ணுகிற அந்த மூன்றாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது.

மழை தொடங்கிய வாரம்தான் என் மகன் மோகன் பெயருக்குப் பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. அதற்கு முன்பே அவன் மலேசியாவுக்குப் போய்விட்டான் என்று ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

திரும்பி ஹாலைப் பார்த்தேன். பெர்சிஸ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பழனியப்பன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

வகுப்பு போனது போனதுதான்.

ரேவதி பொட்டலங்களை என் கையில் வைத்தாள்.

"மேல இருக்கிறதுல ஙப்பி வைக்கல, சயாமா."

ஙப்பி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்த மீன் விழுதின் வாசனையே ஆகாதவன் மோகன். சின்ன வயதில் இதே ஹாலில் ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, தன் இலையில் இருக்கும் ஙப்பியை அவள் இலைக்குத் தள்ளிவிடுவான்.

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும்.