ஓட்டுகிறவன் பக்கம்

"நான் உட்கார்ந்துகிட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்றார் ஷெவ்கெத்.

"விமானத்துலயும் உட்கார்ந்துதான்ப்பா போறாங்க. மூணே மூணு மணி நேரம்" என்றான் மகன் எர்தால்.

"எல்லாரும் இல்ல. சில பேரு பெட்டியிலதான் போறாங்க."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கெல்சன்கிர்ஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் விழுங்கிய தூசி அது. இருமல் ஓயும்வரை எர்தால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

சமையலறை மேசைமேல் ஐரோப்பா விரிந்து கிடந்தது. மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டிய பழைய சாலை வரைபடம். ஒவ்வொரு கோடையிலும் அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியிலிருந்து துருக்கிவரை வண்டி ஓட்டினார். போன வருஷம்வரை ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. இந்த வருஷம் சாவியை மகனிடம் நீட்டிவிட்டார்.

எர்தாலின் பயமே அதுதான். ஏதோ ஒரு நாட்டில், பேர் தெரியாத ஊர்ப்பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டினால்? யாரைக் கூப்பிடுவது? எந்த மொழியில் கூப்பிடுவது?

"ஆஸ்திரியாவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சாலை வரி ஸ்டிக்கர் வாங்கிடு" என்றார் ஷெவ்கெத். விரல் வரைபடத்தில் நகர்ந்தது. "கிராஸ் நகரம் தாண்டினா ஸ்லோவேனியா. அப்புறம் குரோவேஷியா. ஜாக்ரெப் பக்கத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு நல்லாத் தூங்கு."

"நீங்க அங்க தூங்கியிருக்கீங்களா?"

"நான் எங்கயும் தூங்கினதில்ல. நம்ம சுரங்கத்து ரெஜெப் தூங்கினான், பெல்கிரேடு தாண்டி. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே தூங்கினான். எழுந்திரிக்கவே இல்ல."

"நல்ல நேரத்துல நல்ல கதை."

"கதையா? அவன் பொண்டாட்டியக் கேளு." விரல் பல்கேரியாவுக்கு வந்துவிட்டது. "இதப் பகல்லயே தாண்டிடணும். நம்ம எல்லைக்குள்ள நுழைஞ்சதும் எடிர்னே. அங்க எனக்கு வறுத்த ஈரல் வேணும். ரெண்டு தட்டு."

"எண்ணெயே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே?"

"அவரு எடிர்னேவுக்கு வர்றாரா என்ன?"

எர்தாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். நெஜ்லா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, வழிச் சாப்பாட்டுக்காகத் திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

அவள் திரும்பவில்லை. "கூட்டிட்டுப் போடா. அவர் வேற ஒண்ணும் கேட்கல."

"நீ?"

"இடுப்பு சரியாகட்டும். பின்னாடியே விமானத்துல வந்துடறேன்."

அதற்குமேல் எர்தால் வாதாடவில்லை. "சரி. திரும்பும்போதாவது கிரீஸ் வழியா வரலாம்ப்பா. வண்டியக் கப்பல்ல ஏத்திட்டா இத்தாலிவரைக்கும் நீங்க காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

"அதெல்லாம் ஓட்டுறவன் இஷ்டம்" என்றபடி ஷெவ்கெத் வரைபடத்தை மடித்தார். "வரும்போது உன் சித்தப்பா பையன் லெவெந்தக் கூட்டிக்கோ. பேச்சுத் துணைக்கு ஆகும்."

"பேசத்தான் நீங்க இருக்கீங்களே?"

"நான் பேசினா நீ என்னிக்குக் கேட்டிருக்க?"

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். வண்டியின் கூரை மொட்டையாக இருந்தது.

"என்னப்பா, மேல ஒண்ணுமே கட்டலையா? போன தடவை அத்தைக்கு வாஷிங் மெஷினே ஏத்தினீங்க!"

"லேசா இருந்தாத்தான் சீக்கிரம் போய்ச் சேரலாம்." அவர் கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது.

மாடி ஜன்னலில் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு லெம்கே அம்மா. "நெஜ்லா! தண்ணி எங்க? மறந்துட்டியா?"

துருக்கிக்காரர்கள், ஊருக்குப் போகிறவர்களின் வண்டிக்குப் பின்னால் ஒரு ஜக் தண்ணீரை ஊற்றி அனுப்புவார்கள். தண்ணீர்போலத் தடையில்லாமல் போய், தண்ணீர்போலத் திரும்பி வரவேண்டும் என்று. முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு, "அவங்க போனதுல அவ்வளவு சந்தோஷமா? தெருவையே கழுவுறீங்க!" என்று கேட்டவள் இந்த ஜெர்மன்காரி லெம்கே. பிறகு, குடும்பமே கிளம்பிய வருஷங்களில் அவள்தான் ஊற்றுவாள். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

நெஜ்லா ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் ஜக்குமாக மெல்லப் படியிறங்கி வந்தாள். ஷெவ்கெத் வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"கை நனையப் போகுது, விடுங்க" என்றாள் அவள்.

"நெஜ்லா, ஓட்டுறவன் பக்கம் மட்டும் ஊத்து."

அவள் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை.

அப்பாவின் வழக்கமான கிண்டல் என்று நினைத்துக்கொண்டே எர்தால் வண்டியை நகர்த்தினான். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ நெஜ்லா, ஷெவ்கெத் பக்கம் விட்டுப்போச்சே!" லெம்கே அம்மா மேலிருந்து கத்தினாள்.

தெருமுனையில் திரும்பும்போது எர்தால் கண்ணாடியைப் பார்த்தான். அவன் பக்கத்துச் சக்கரம் போன தடத்தில் மட்டும் சாலை நனைந்திருந்தது. மீதிப் பாதித் தண்ணீரோடு ஜக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா அப்படியே நின்றாள்.