பொருந்தாத தட்டு

யுத்தம் முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர் கற்பிட்டிக் கரைக்கு வரத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து பாயிஸ் வலையைத் தொடுவதில்லை. உலோகம் தேடும் மெசின் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவிட்டான். அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

மணலில் எதையாவது தொலைத்தவர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். தேடிக் கொடுப்பதுதான் அவன் தொழில் என்று நினைத்தால், பாவம் நீங்கள்.

மெசினின் அடியில் மாட்டும் வட்டத் தட்டு அவனிடம் இரண்டு இருந்தது. ஒன்று அந்த மெசினுக்கே உரியது. சாண் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்துக்கும் கத்தும். மற்றது வேறு கம்பனி மெசினுடையது. வயரைக் கொஞ்சம் அழுத்திச் செருகினால் மாட்டும், விளக்கு எரியும், மணலுக்கு மேலே கிடக்கும் சோடா மூடிக்குக் கத்தும். அதற்குக் கீழே என்ன கிடந்தாலும் அதற்குத் தெரியாது. தொலைத்தவர் பக்கத்தில் நிற்கும்வரை பொருந்தாத தட்டு. அவர் போன பிறகு பொருந்திய தட்டு. பாயிஸ் படித்த படிப்பு இவ்வளவுதான்.

இப்படி வந்த இரண்டு மோதிரங்களில் வீட்டுக்குக் கூரை ஏறியது. இன்னும் ஒன்று நல்லதாக அகப்பட்டால் சொந்தப் படகு வாங்கலாம். வெள்ளைக்காரரை டொல்பின் பார்க்க ஏற்றிக்கொண்டு போய், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கலாம்.

அன்று காலை ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் கொழும்பிலிருந்து வந்த அனஸ்தாசியா. அழுது கண் சிவந்திருந்தது. கணவன் யூட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றான். அவள் பாயிஸை 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"வைர மோதிரம் நானா. மாமிட. நேற்றுப் பின்னேரம் இஞ்சதான் விழுந்தது. கிடைக்காட்டி நான் வித்துப்போட்டன் எண்டுதான் மாமி சொல்லுவா."

"அழாதீங்க மிஸ். மண்ணுக்குள்ள கெடந்தா என்ட மெசின் உடாது," என்றான் பாயிஸ், பொருந்தாத தட்டை மாட்டிக்கொண்டே.

வெட்கங்கெட்டவன். இரண்டு மணி நேரம் மணலைத் தடவினான். மெசின் கத்திய ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் ஓடி வந்து முழந்தாளிட்டுக் கையால் கிண்டினாள். மூடி. பிறகு ஒரு ஆணி. திரும்பவும் மூடி. பாயிஸுக்கு நெஞ்சு கொஞ்சமும் சுடவில்லை. விழுந்த இடத்தை மட்டும் நாலு தரம் கேட்டு மனதில் குறித்துக்கொண்டான்.

கடைசியில் உதட்டைப் பிதுக்கினான். "கடல் இழுத்துட்டு மிஸ். இனித் தேடி வேலயில்ல."

அவள் மூக்கைத் துடைத்தாள். "மாமிக்குக் காட்ட, அதை ஒரு துண்டில எழுதித் தருவீங்களா நானா?"

இவர்கள் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது பாயிஸுக்கு. மோதிரம் இந்த இடத்தில் விழுந்தது உண்மை, மெசின் வைத்துத் தேடினேன், கடல் கொண்டு போய்விட்டது என்று எழுதினான். கேட்காமலே அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தான். தேடின கூலியையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், பொருந்திய தட்டை மாட்டினான். அவள் காட்டிய இடத்தில் ஒரு அடியும் விடாமல் தடவினான். தகரத் துண்டு ஒன்றும் தூண்டில் ஈயமும் வந்தன. உச்சி வெயிலில் இன்னும் ஆழமாகத் தோண்டினான். படகுக்குப் பெண்சாதி கமறியாவின் பெயரை வைப்பதா வேண்டாமா என்பதுதான் அப்போது அவனுக்கிருந்த ஒரே யோசனை.

அந்நேரம் ஜீப் கொழும்புக்குப் போகும் வழியில் பாலாவிச் சந்தியைக் கடந்துகொண்டிருந்தது.

"மெசின் வச்சிருக்கிற இன்னொராள் இருக்கிறாராம், நல்ல மனுசனாம் எண்டு ஹோட்டல்ல சொன்னாங்களே. ஏன் இவனக் கூப்பிட்டாய்?" என்று கேட்டான் யூட்.

"நல்ல மனுசன் இப்பிடி ஒரு கடிதம் எழுதித் தருவாரா?" என்றாள் அனஸ்தாசியா. பாயிஸின் கடிதத்தை மடிப்பு விழாமல் இன்சூரன்ஸ் பத்திரங்களோடு சேர்த்து வைத்தாள்.

மோதிரமோ, மாமி செத்த நாளிலிருந்து கொழும்பு வீட்டு அலுமாரியை விட்டு வெளியே வந்ததேயில்லை.